ஐந்து வேளையும் திரும்பும் முட்டைகள்

முட்டையைக் கையில் வாங்கியதும் மதீனா முதலில் அதைத் தன் கன்னத்தில் ஒட்டிப் பார்ப்பாள். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள். கடைசியில் இரண்டு முட்டைகளை ஒன்றோடொன்று பட்டும் படாமலும் தட்டிச் சத்தம் கேட்பாள். கீறல் விழுந்த முட்டை வேறு மாதிரி பேசுமாம்.

இரண்டு வருடத்துக்கு முன் நான் கொண்டுபோன பத்தொன்பது வாத்து முட்டைகளையும் அப்படித்தான் பார்த்தாள். முதல் முட்டை கன்னத்தில் பட்டதுமே அவள் கை நின்றுவிட்டது. நான் பெருமையாகச் சொன்னேன்: "தொழுகுற வீட்டுக்குச் சேறும் சகதியுமா கொண்டாரக் கூடாதுன்னு சோப்புத்தூள் போட்டுக் கழுவிக் கொண்டாந்தேன் மதீனா."

அவள் என்னைப் பார்த்தாள், முட்டையைப் பார்த்தாள். "பளிங்கு மாதிரி வச்சிருக்கியேத்தா" என்றாள். பத்தொன்பதையும் கூர்முனை கீழே இருக்கும்படி உமியில் நட்டு வைத்தாள். "பஸ்ஸுல வந்த அசதி இருக்கும். இன்னைக்கு ஒரு நா அதுக தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு எனக்கு டீ போடப் போனாள்.

அந்த முட்டைகளை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை. ராயப்பன்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏழு வருடமாக வாத்து வளர்த்தேன். கழுத்தில் வெள்ளை வளையம் போட்ட வாத்துகள். நான் பூசைக்குக் கிளம்பினால் மாதா கோயில் திருப்பம் வரை வரிசையாகக் கூடவே வரும். ஒரு நாள் நாய்கள் வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டன. ஒன்றுகூட மிஞ்சவில்லை. அடுக்களைக் கூடையில் ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த முட்டைகள்தான் அந்த இனத்தில் மீதி.

மதீனாவின் வீடு உத்தமபாளையத்தில் இருக்கிறது. அவள் வீட்டுக்காரர் ராஜா முகம்மது பிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவர். இனி தேறாது என்று அவர் கைவிட்ட ஒரு பிரிட்ஜ்தான் அவளுடைய பொரிக்கும் பெட்டி. உள்ளே நாலு குண்டு பல்பு, ஒரு சின்ன ஃபேன், சூடு காட்டும் மீட்டர், அடித்தட்டில் தண்ணீர்க் கிண்ணம். "குளுரு குடுத்துக் குடுத்து அலுத்துப்போன பெட்டி. கடைசிக் காலத்துல கொஞ்சம் சூடா இருக்கட்டுமே" என்பாள். வெளியில் பார்த்தால் இன்னும் பிரிட்ஜ்தான். விருந்துக்கு வந்த சொந்தக்காரப் பெண் ஒருத்தி பால் பாக்கெட்டைக் கொண்டுபோய் அதற்குள் வைத்துவிட்டாள். மத்தியானத்துக்குள் பாக்கெட் தலையணை போல் உப்பிவிட்டது. "நல்லவேள, மீனக் கொண்டாந்து வைக்காமப் போனா" என்று இப்போதும் சொல்லிச் சிரிப்பாள்.

வாத்து முட்டை பொரிக்க இருபத்தெட்டு நாள் ஆகும். கடைசி மூன்று நாள் தவிர தினமும் புரட்டிப் புரட்டி வைக்க வேண்டும். மதீனா அதற்குக் கடிகாரம் பார்க்க மாட்டாள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் தொழுவாள். தொழுது முடித்து எழுந்ததும் முட்டைகளைத் திருப்புவாள். ஐந்து வேளைத் தொழுகை, ஐந்து தடவை திருப்பல். "ஒத்தப்படையாத்தான் திருப்பணும். அப்பத்தான் நேத்து ராத்திரி படுத்த பக்கமே இன்னைக்கும் படுக்காது" என்று கணக்குச் சொன்னாள். எப்போதாவது கல்யாணம் காட்சி என்று வெளியூர் போனால், பாங்குச் சத்தம் கேட்டு ஐந்தாவது நிமிடம் வீட்டுக்காரருக்குப் போன் போகும்.

"தொழுதீகளா?"

"தொழுதேன்."

"திருப்புனீகளா?"

"இந்தா, திருப்பப் போறேன்."

"அப்ப இன்னும் முடியல. போயித் திருப்புங்க."

எந்தப் பக்கம் திருப்பினோம் என்று தெரிய முட்டையின் ஒரு பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுவாள், மறுபக்கம் ஒரு சின்னப் பிறை போடுவாள். என் முட்டைகளில் மட்டும் பிறைக்குப் பதில் சிலுவை போட்டாள். "கலந்துறக் கூடாதுல்ல. ஒன் புள்ளைகள நான் மதம் மாத்திட்டேன்னு ஒங்க சாமியார் சண்டைக்கு வந்துருவாரு" என்றாள்.

பத்தாம் நாளிலிருந்து தினமும் பெட்டியைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரை முட்டைகள் மேல் பூப்போலத் தெளிப்பாள். கோழி முட்டைக்கு இந்த உபசாரம் கிடையாது. "ஆத்தா வாத்து தண்ணிக்குப் போயிட்டு ஈரத்தோடதான வந்து உக்காரும்? நாம மட்டும் காயப்போட்டு எடுத்தா குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கிரும்" என்பாள்.

அவளுக்கு முட்டை வருவது வயலிலிருந்து. அறுப்பு முடிந்ததும் வாத்துக்காரர்கள் சின்னமனூர்ப் பக்கம் வந்து கூட்டம் கூட்டமாக மேய விடுவார்கள். ஒருதரம் நானும் கூடப் போனேன். தவசி என்ற வாத்துக்காரர் முட்டையை எண்ண ஆரம்பித்தார். மதீனா முட்டையைப் பார்க்கவே இல்லை. வரப்பில் நின்றுகொண்டு வாத்துகளை எண்ணினாள்.

"எல்லாம் கரு உள்ள முட்டைதான்க்கா. நம்பி எடுங்க" என்றார் தவசி.

"நூறு பொட்டைக்கு நாலே நாலு ஆம்பள வச்சிருக்க. அந்த நாலுகிட்டயும் கேட்டுட்டுத்தான் சொல்றியா?"

"நல்லா ஓடியாடித் திரியுதுகக்கா."

"ஓடாம? பாவம், அதுக தப்பிச்சு ஓடுதுக. இத நீ ஆம்லெட்டுக்குப் போட்டுக்க. அங்கன தள்ளி நிக்கிற பட்டிலருந்து எடு. அதுலதான் ஆம்பள நெறைய நிக்குது."

தவசி சிரித்துக்கொண்டே அந்தப் பட்டிக்குப் போனார்.

என் முட்டைகளைப் பெட்டிக்குள் வைத்த அதே நாளில்தான் தவசியின் முட்டைகளையும் வைத்திருந்தாள். அவை குமுளிப் பக்கத்து வியாபாரி ஒருவருக்குச் சொல்லி வைத்தவை. "சேச்சி, தாறாவு ரெடியாயோ?" என்று வாத்துக்குஞ்சு தயாரா என அவர் மலையாளத்தில் போனில் கேட்டுக்கொண்டே இருப்பார். நானும் இங்கே மாதாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். இருபத்தெட்டாம் நாள் போனபோது மதீனா கூடையில் பதினாலு குஞ்சுகளை வைத்துக் கொடுத்தாள். மஞ்சளும் கறுப்புமாக ஒரே கூச்சல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊருக்கு வந்ததும் மெழுகுதிரி ஏற்றினேன்.

இரண்டு மாதத்தில் இறகு முளைத்தது. பதிமூன்று குஞ்சுகளுக்கு வெறும் காவி நிறம். ஒன்றே ஒன்றுக்குத்தான் கழுத்தில் வெள்ளை வளையம் வந்தது. ஏன் இப்படி என்று எனக்குப் புரியவில்லை. ஒரு கிலோ திராட்சை வாங்கிக்கொண்டு கேட்கப் போனேன். வாசலில் இருந்த ராஜா முகம்மது அண்ணன் வெள்ளந்தியாகச் சொன்னார்:

"ஒங்க முட்டையா தங்கச்சி? பத்தாம் நாளே ஒண்ணு டப்புன்னு வெடிச்சிருச்சுல்ல. நான் பல்புதான் போச்சுன்னு ஓடுறேன், மூக்கத் தொறக்க முடியல. மிச்சமும் கெட்டுப் போயிருந்துச்சு, எடுத்துக் கொல்லையில புதைச்சோம். ஒண்ணே ஒண்ணுதான் தப்பிச்சது."

உள்ளேயிருந்து மதீனாவின் சத்தம் வந்தது. "ஊருல இருக்க மிஷினுக்கெல்லாம் சுவிட்ச்சு வைக்கிறாக. ஒங்க வாய்க்கு ஒண்ணு வைக்கக் கூடாது?"

நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் லுஹர், மத்தியானத் தொழுகை, முடிந்திருந்தது. அவள் முட்டைகளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். முட்டை ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது, கழுவினால் அது போய்விடும், அழுக்கு உள்ளே இறங்கிவிடும் என்று மெதுவாகச் சொன்னாள். சேறு காய்ந்து ஒட்டியிருந்தால் லேசாகச் சுரண்டலாம், அவ்வளவுதான்.

"அன்னைக்கே சொல்லிருக்கலாமே மதீனா."

அவள் கை நிற்கவில்லை. "தொழுகுற வீடுன்னு கழுவிக் கொண்டாந்தேன்னு நீ சொன்ன. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

குமுளிக்காரருக்குப் பதிமூன்று குஞ்சு குறைந்தது. அவருக்கு என்ன பதில் சொன்னாள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

அந்த ஒற்றை வளையக் குஞ்சு ஆண். இப்போது எங்கள் வீட்டில் அதுதான் ராஜா. காவிப் பொட்டைகளை எல்லாம் வால் ஆட்டிக்கொண்டு மேய்க்கிறது. போன வாரம் அதன் கூட்டத்து முட்டைகள் பதினேழை வைக்கோலில் பொதிந்து மதீனாவிடம் கொண்டுபோனேன். சேறு, இறகு, எல்லாம் அப்படியே. அந்த வீட்டு வாசலில் கூடையை இறக்கும்போது எனக்கு இன்னும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

மதீனா முதல் முட்டையை எடுத்துக் கன்னத்தில் ஒட்டினாள். இரண்டாவது, மூன்றாவது. பதினேழும் முடிந்தபோது அவள் கன்னம் வயல் வரப்பு மாதிரி இருந்தது. பிறகு பென்சிலை எடுத்து ஒவ்வொன்றிலும் சிலுவை போட்டாள்.

"குஞ்சுக்கு வளையம் வருமா மதீனா?"

"அது அல்லா கையிலயும் ஒங்க மாதா கையிலயும் இருக்கு. சூடும் ஈரமுந்தான் ஏங் கையில."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கிளம்பும்போது என் முந்தானையால் அவள் கன்னத்தைத் துடைக்கப் போனேன். முகத்தைத் திருப்பி என் கையைத் தள்ளிவிட்டாள். சேறோடு வாசல் வரை வந்து நின்றாள்.

"நல்லா ஜெபம் பண்ணு லூர்து" என்றாள். "கழுவ மட்டும் செய்யாத."