மச்சான் போட்ட விலை

கார் இன்சூரன்ஸை மைத்துனன் கையில் கொடுத்த நாளிலிருந்து, அதில் எதற்கு எவ்வளவு என்று நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கக் கூடாது. வீட்டுக்காரியின் தம்பியே ஏஜென்டாக இருக்கும்போது கணக்குக் கேட்பது, பந்தியில் உட்கார்ந்துகொண்டு சாம்பாரில் எவ்வளவு பருப்பு போட்டீர்கள் என்று கேட்பது மாதிரி. அவன் வருஷத்துக்கு ஒருமுறை மேனாம்பேட்டிலிருந்து ஸ்கூட்டரில் வருவான். அக்கா கையால் வஞ்சிர மீன் குழம்பு சாப்பிடுவான். ஏப்பம் விட்டுக்கொண்டே, "செக்கைக் கிழிங்க மாமா" என்பான். அவன் தொகையைச் சொல்வான், நான் எழுதுவேன். அதுதான் எங்கள் குடும்ப மரியாதை.

நான் அதிகம் படித்தவன் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தேன். கார் வைத்துக்கொள்ளும் அந்தஸ்து எனக்குக் கிடையாது. ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு அதிகாரி மாற்றலாகிப் போகும்போது தன் பழைய அம்பாசடரைத் தள்ளிவிட்டுப் போனார். அதை நான் வாங்கினேன். வாங்கியது எனக்காக இல்லை. என் மனைவிக்குச் சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப் போய்விட்டது. பஸ் படி அவளுக்கு ஒத்துவராது. அவள் ஒரு காலை மேலே வைப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். கல்யாணமான புதிதில் வெள்ளிக்கிழமை தவறாமல் திருவேற்காட்டு அம்மனைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டவள், பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். கார் வந்த பிறகுதான் அம்மன் தரிசனம் மறுபடி கிடைத்தது. ஒவ்வொரு வெள்ளியும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கிளம்புவோம். முன் கண்ணாடியில் அம்மன் படம் இருக்கும்போது இன்சூரன்ஸ் எதற்கு என்று ஆரம்பத்தில் எனக்கு ஒரு மனக்குறைகூட இருந்தது. சட்டம் என்று மைத்துனன் சொன்னான். சரி, அம்மனும் சட்டத்துக்கு விரோதமாகப் பேசமாட்டாள் என்று விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் பட்டறைக்கு வேலை வருவது சுருங்கிப்போனது. பெட்ரோலைக் குறைத்து ஓட்டலாம், டயரை இன்னும் கொஞ்ச நாள் தள்ளலாம். ஆனால் மொத்தமாக வந்து முதுகில் ஏறுகிற இன்சூரன்ஸை என்ன செய்வது? பாலிசி சனிக்கிழமையோடு முடிகிறது. கட்ட முடிந்தால் வண்டி எங்களுக்கு. முடியாவிட்டால் நெமிலிச்சேரிக்காரர் ஒருவருக்கு. அவர் ஏற்கெனவே வந்து, பானெட்டைத் திறந்து பார்த்து, டயரை உதைத்து, விலையும் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸோடு வருவதாகப் பேச்சு.

மனைவி அழவில்லை. "விக்கிறதுன்னா வித்துடுங்க. அம்மன் எங்க பூடப் போறா? காலண்டர்லதான் கீறாளே" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மைத்துனனுக்கு மஞ்சள் காமாலை; படுக்கையில் கிடந்தான். தவணையில் கட்டலாமா என்று நேரில் கேட்டுப் பார்ப்போம் என்று வியாழக்கிழமை நானே இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். மாடி ஆபீஸ் என்பதால் மனைவி கீழே காரிலேயே இருந்துகொண்டாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் பழைய பாலிசியைப் புரட்டினார். "தவணையெல்லாம் கிடையாது சார். ஆமா, இது புது வண்டியா?"

"இல்லம்மா. நல்லா அடிபட்டுப் பழகின வண்டி."

"பின்ன ஏன் புது வண்டி விலை போட்டிருக்கீங்க?"

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகவே சொன்னார். "இதுல ரெண்டு பங்கு சார். உங்க வண்டியால அடுத்தவங்களுக்கு ஏதாவது ஆனா நாங்க குடுக்கிறது ஒண்ணு. அதைச் சட்டப்படி எல்லாரும் கட்டியாகணும். அதுல குறைக்க முடியாது. இன்னொண்ணு, உங்க வண்டிக்கே அடிபட்டாலோ திருடு போனாலோ குடுக்கிறது. நீங்க வண்டிக்கு என்ன விலை போடறீங்களோ அதை வெச்சு அது ஏறும்."

"விலை அதிகமா போட்டா, திருடு போனா அதிகமா வரும் இல்லைங்களா?"

"எங்க வரும்? அன்னிக்குச் சந்தையில உங்க வண்டி என்ன விலைக்குப் போகுமோ அதுதான் வரும். மேல போட்டதுக்கு இத்தனை வருஷமா சும்மா கட்டியிருக்கீங்க."

அதோடு விடவில்லை; பழைய கிளைம் ஒன்றையும் சுட்டிக்காட்டினார். போன வருஷம் பூந்தமல்லியில் ஒரு இளநீர் வண்டி உரசிக் கதவில் கோடு விழுந்தது. "கட்டின காசை விடக்கூடாது மாமா" என்று மைத்துனன்தான் அதற்குக் கிளைம் போட்டு, கொஞ்சம் பணமும் வாங்கிக் கொடுத்தான். நாங்கள் அன்று பாயசம்கூட வைத்தோம். கிளைம் கேட்காத வருஷங்களுக்கு ஒரு தள்ளுபடி சேர்ந்துகொண்டே வருமாம். அந்தக் கோட்டுக்காக அது மொத்தமும் போய்விட்டதாம். வந்த பணத்தைவிடப் போன தள்ளுபடி பெரிது.

"அப்ப அந்த ரெண்டாவது பங்கையே எடுத்துடலாமா?" என்றேன்.

"எடுக்கலாம். ரொம்ப மலிவா முடியும். ஆனா வண்டி காணாமப்போனா எங்ககிட்ட வந்து நிக்கக்கூடாது. எதுக்கு சார்? முதல்ல ஒழுங்கான விலையைப் போடுங்க. முடியறதுக்கு முன்னாடியே கட்டிடுங்க, இல்லேன்னா வண்டியை வேற கொண்டுவந்து காட்டணும்."

படி இறங்கும்போது எனக்குள் ஒரு கெட்ட எண்ணம் கூடவே இறங்கியது. தொகை ஏறினால் ஏஜென்டுக்குக் கமிஷனும் ஏறும். மனைவியிடம் விஷயத்தை மட்டும் சொன்னேன், எண்ணத்தைச் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தே படித்துவிட்டாள்.

"அவன் அப்டிச் செய்ய மாட்டான்" என்றாள்.

"சரி, மேலே போய் விலையை மாத்தி எழுதிட்டு வந்துடறேன்."

"அவனைக் கேக்காம அந்தக் காயிதத்துல கை வெச்சீங்கன்னா, அப்பறம் எங்க அம்மா ஊட்டுப் படி நான் மிதிக்க முடியாது. வண்டியை மேனாம்பேட்டுக்கு வுடுங்க."

மைத்துனன் கட்டிலில் வேப்பிலைக் கட்டோடு கிடந்தான். கண் இரண்டும் மஞ்சள். "கிட்ட வராதீங்க மாமா, ஒட்டிக்கப் போவுது. பாத்தீங்களா, மஞ்சா பூசுன அம்மனாட்டம் கீறேன்" என்று சிரித்தான். உப்பில்லாத மோர் சோறு அவன் வாயை மட்டும் அடக்கவில்லை.

அவன் அக்கா நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "டேய், கார் வெலையை இன்னாத்துக்குடா ஏத்தி எழுதுன?"

சிரிப்பு நின்றது. அவன் என்னைப் பார்த்தான். "கமிஷனுக்குன்னு நெனைச்சுட்டீங்களா மாமா?"

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

"மொத தபா சரியான வெலைதான் எழுதுனேன். கூட இருந்த ஏஜென்ட் ஒர்த்தன் எட்டிப் பாத்துட்டு, 'இந்த டப்பாவுக்கா ஃபுல் இன்சூரன்ஸு?'ன்னு சிரிச்சான். எங்க அக்கா ஏறிப் போற வண்டி மாமா, அதைப் போயி டப்பான்றான்! அந்த ஃபாரத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு, வேற ஃபாரத்துல புது வண்டி வெலையை எழுதிட்டேன். அப்பால வருசா வருசம் அதுவே வந்துகினு கீது. கொறைக்கணும்னு நெனைப்பேன். அக்கா வண்டின்னு கை வராது."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். காமாலையால் என்று வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூட நாளில் அக்காவைக் கைத்தாங்கலாகத் தூக்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டவன் அவன். நான் நினைத்ததை நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஆனால் அக்கா இளகவில்லை. "டப்பான்னா டப்பாதான். ஓடுற டப்பா. நீ குடுத்த மரியாதையில அதுவும் பூடப் போவுது. ஞாயித்துக்கிழமை விக்கிறாரு உங்க மாமா."

அவன் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான். "இன்னாது? விக்கிறீங்களா? என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எப்டிடா சொல்றது? நீ வந்து செக்கு கேக்குற, அவரு எழுதுறாரு. ரெண்டு பேரும் வாயைத் தொறக்க மாட்டீங்க. இனிமே மரியாதையை மீன் கொழம்போட வெச்சுக்க. காயிதத்துல வண்டி வெலையை எழுது."

அவன் பெண்டாட்டி தோல்பையை எடுத்து வந்து கொடுத்தாள். படுக்கையிலேயே ஃபாரத்தை நிரப்பினான். விலை எழுதும் இடம் வந்ததும் பேனாவை என்னிடம் நீட்டினான். "நீங்களே எழுதுங்க மாமா."

நான் ஒரு தொகை சொன்னேன். "ஐயே, அவ்ளோ கம்மியா? டயரு புதுசு மாமா!" என்றான். கொஞ்சம் ஏற்றினேன். "பேட்டரி மாத்தினது மறந்துபோச்சா?" என்றான். விற்பதும் வாங்குவதும் இல்லாத இடத்தில் விலையை மேலே மேலே தூக்கிய ஒரே ஆளை அன்றுதான் பார்த்தேன்.

மனைவிதான் முடித்துவைத்தாள். "நெமிலிச்சேரிக்காரரு இன்னா வெலைக்குக் கேட்டாரு? காசு குடுத்து வாங்க வந்தவரு அவரு ஒர்த்தருதான். அவரு சொன்னதை எழுதுங்க."

அதையே எழுதினேன். மைத்துனன் சுவரைப் பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். அப்புறம், ஏஜென்ட் என்ற நினைப்பு திரும்பி வந்தவனாக, "இனிமே சின்னக் கீறலுக்கெல்லாம் கிளைம் வேணாம் மாமா. கைக்காசுல தட்டிக்குவோம். தள்ளுபடி மறுபடி சேரட்டும்" என்றான். பாயசம் வைத்த கதையை யாரும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பணத்தைக் கட்டினேன். தொகை பாதியாகிவிடவில்லை, குறைக்க முடியாத பங்கு ஒன்று இருக்கிறதே. ஆனால் பட்டறை தாங்கும் அளவுக்கு இறங்கியிருந்தது. ரசீதோடு அப்படியே திருவேற்காடு போனோம். கற்பூரம் காட்டும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நான் மைத்துனனின் காமாலைக்காக வேண்டிக்கொண்டேன்; மனசுக்குள் அவனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நெமிலிச்சேரிக்காரர் அட்வான்ஸோடு வந்துவிட்டார். உட்காரவைத்துக் காபி கொடுத்து, "மன்னிச்சுக்குங்க சார், வண்டியை விக்கலை" என்றேன். மனுஷனுக்கு முகம் வாடிவிட்டது.

"இன்னா சார், வெலை பத்தலையா? சொல்லுங்க, இன்னும் கொஞ்சம் ஏத்தித் தரேன்."

நான் பதில் சொல்வதற்குள் சமையற்கட்டிலிருந்து அவள் குரல் வந்தது.

"ஐயையோ, ஏத்தாதீங்க அண்ணே! அப்பறம் எங்க தம்பி அதையும் ஃபாரத்துல ஏத்திடுவான்!"