அக்கா கேட்ட மறுசோதனை

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் அக்கா. இருபத்திரண்டு வருடமாக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். வாதம் வந்து கை விழுந்தவர்களைத் திரும்பச் சட்டை மாட்டவும் சமைக்கவும் பழக்குவது வேலை. மறதி என்று வருகிறவர்களை முதலில் சோதித்துப் பார்ப்பதும் அவர்தான். ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்சம் கழித்துத் திரும்பக் கேட்பார். கடிகாரம் வரையச் சொல்வார்.

அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. ஒரே மாதத்தில் இரண்டு தடவை, திரும்ப வேண்டிய முனையில் திரும்பாமல் நேரே போய்விட்டார். பயணிகள் சத்தம் போட்டதும், "ஏதோ யோசனைல இருந்துட்டேன்" என்று சிரித்தாராம். கண்டக்டர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் அதே ஐந்து சொல் தாளை வைத்து அவரைச் சோதித்தார். முப்பதுக்கு இருபத்தெட்டு.

"நல்லாத்தானே இருக்காரு. நீங்க ஏன் பயப்படுறீங்க?" என்றார் டாக்டர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்கா அதே தாளை வைத்து ஒத்திகை பார்த்தது இந்த மனுஷனிடம்தான். சாப்பிடும்போதுகூட அந்த ஐந்து சொற்களை வரிசையாகச் சொல்லி அக்காவைக் கிண்டல் செய்வார்.

வேறு தாளில் மறுசோதனை வேண்டும் என்று அக்காவே எழுதிக் கொடுத்தார். சொந்தக்காரரைத் தானே சோதிக்கக் கூடாது என்பதால் உடன் வேலை பார்க்கும் பெண் செய்தாள். புதிய ஐந்தில் அவருக்கு ஒன்றுதான் வந்தது. பிறகு பயிற்சிச் சமையலறைக்குப் போனார்கள்.

"மாமா, எனக்கு ஒரு டீ போட்டுக் குடுங்க" என்றாள் அந்தப் பெண்.

அவர் அடுப்பைப் பற்றவைத்தார். வெறும் பாத்திரத்தை ஏற்றினார். தேடினார். அக்கா பக்கம் திரும்பி, "தூள் எங்க வச்ச?" என்றார். டப்பா அவர் இடது கையில் இருந்தது.

எத்தனையோ மனைவிகளிடம் "நீங்க எடுத்துக் குடுக்காதீங்கம்மா" என்று கண்டித்தவர் அக்கா. இப்போது தானும் எடுத்துக் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நீயாவது சொல்லேன்" என்றார் கணவர். பாத்திரம் கருக ஆரம்பித்ததும் அந்தப் பெண் எட்டி அடுப்பை அணைத்தாள்.

மறு வாரம் மறுசோதனை முடிவு டிப்போவுக்குப் போனதும், இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்று அவரை இறக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கேட்டார்: "என்னைப் பத்தி யாரு எழுதிக் குடுத்தது?"

"நான்தான்."

அவர் முகம் தொங்கிப்போனது. அரைமணி கழித்து மறுபடி கேட்டார். மறுபடி சொன்னார் அக்கா. சாயங்காலத்துக்குள் நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி இடிந்துபோனார்.

ஐந்தாம் தடவை அக்கா, "டாக்டர்" என்றார்.

"நீ அவருகிட்ட பேசக் கூடாதா?"

"பேசுறேன்" என்றார் அக்கா.