முப்பத்தொரு நாள் துடக்கு

எங்களுக்குப் பிந்திப் பிறந்த ஒரே மகன் உயர்தரப் பரீட்சையை மூன்று முறை எழுதினான். நான் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன்; அவனுக்கோ அது வரவில்லை. அதன்பிறகு அவன் கொக்குவில் வீட்டு மதிலுக்கு வெளியே போனதே அரிது. பகலெல்லாம் படுத்திருப்பான். மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று மனைவி அறைக்கதவில் காதை வைத்து நிற்பாள். நான் பேப்பர் வாசிப்பதுபோல் இருப்பேன்.

போன தை மாதம் ஒருநாள் அவன் குளித்து, சேவ் எடுத்து, மனைவி சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து நின்றான்.

"அப்பா, மயிலிட்டியிலை போட் எஞ்சின் திருத்துற கராஜிலை வேலை பழகப் போறன். முதலாளியோடை கதைச்சிட்டன். வாற திங்கள் வரச் சொன்னவர்."

மனைவி சந்தோஷத்தில் அழுதாள். அவன் நீல ஓவரோல் ஒன்றும் வாங்கியிருந்தான். கால் நீளம் கூடிப்போயிற்று என்று அவள் அன்றே மடித்துத் தைத்தாள்.

எனக்கு நெஞ்சு எரிந்தது. நான் படிப்பித்த பிள்ளைகள் பொறியியலாளர்கள். என் பிள்ளை ஒரு கடற்கரை ஆளுக்குக் கீழே நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதா? சாதியைத்தான் சொல்கிறேன். வகுப்பில் காலமெல்லாம் சாதி இல்லை என்று சொன்னவன் நான். அதனால் வாய்விட்டு மறுக்க வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. என் அப்பப்பாவின் தம்பியின் பேரன் இறந்துவிட்டார்.

"செத்தவீட்டுத் துடக்கு," என்றேன் உடனே. "முப்பத்தொண்டு கழியாமல் புதுசா ஒண்டும் தொடங்கக் கூடாது."

"இஞ்சருங்கோ," என்றாள் மனைவி, "அந்த மனுசன் இருக்கேக்கை ஒரு போன் எடுத்தனீங்களோ? இப்ப பாசம் பொத்துக்கொண்டு வருதோ?"

"பங்காளித் துடக்கு. விளையாட்டில்லை."

மகன் எதிர்க்கவில்லை. அந்த நாள்களில் நான் துடக்கு என்று அந்தத் தீட்டைக் காத்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். கோயில் வீதியால் போகாமல் சுற்றிப் போனேன். மச்சம் மாமிசம் தொடவில்லை. அவன் காலையில் எழுந்து கலண்டரைப் பார்ப்பான். பிறகு அதையும் விட்டுவிட்டான்.

துடக்குக் கழிந்த மறுநாள் ஓவரோலைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். மத்தியானத்துக்கு முன்பே திரும்பி வந்தான். அவனுடைய இடத்தில் வேறொருவன் வேலை பழகுகிறானாம். சொல்லிவிட்டுப் போய் அறைக்கதவைப் பூட்டினான். வாசலில் வைத்த சாப்பாடு காய்ந்துபோனது.

மயிலிட்டிக்கு நானே போனேன். முதலாளி எஞ்சின் ஒன்றுக்குள் கையை விட்டபடி நின்றார். "உங்கடை காலைப் பிடிக்கிறன், அவனைச் சேருங்கோ," என்றேன்.

"ஐயோ மாஸ்டர், என்ன கதை இது? இருங்கோ. செத்தவர் உங்களுக்கு என்ன முறை?"

சொன்னேன். முறையை மனதுக்குள் எண்ணிப் பார்த்தவர் சிரித்தேவிட்டார். பிறகு அடக்கிக்கொண்டார்.

"என்ரை அப்பா செத்த மறுகிழமை நான் கராஜைத் திறந்தனான். மாரி முடிஞ்சு வள்ளம் இறங்கிற நேரம், சனம் எஞ்சினோடை வாசலிலை நிண்டது. உங்கடை பெடியன் நல்லவன் மாஸ்டர். கொஞ்சம் பொறுங்கோ அண்ணை எண்டு போனிலை கெஞ்சினவன். எனக்கு ஒராளைத்தான் பழக்க ஏலும். வந்தவனை எப்பிடிக் கலைக்கிறது?"

"துடக்கு ஒரு சாட்டு," என்றேன். "உங்களிட்டை அவனை வேலைக்கு விட எனக்கு விருப்பமில்லை."

அவர் கையைத் துணியில் துடைத்தார். "தெரியும் மாஸ்டர். தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

குடித்தேன்.

வீட்டுக்கு வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே நின்று மகனிடமும் அதையே சொன்னேன். உள்ளே ஆள் அசைகிற அசுமாத்தமே இல்லை. பயந்துபோய், மனைவியைப்போல் நானும் கதவில் காதை வைத்தேன்.

"துடக்குக் கழிஞ்சுதுதானே அப்பா," என்றான். "இனி நான் என்னத்தைத் தொடங்கிறது? நீங்களே சொல்லுங்கோ."

இன்று காலையும் தொடாத தட்டைத்தான் வாசலிலிருந்து எடுத்தேன்.