பச்சை வானம் வரைந்த எங்கள் அண்ணன்

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி அடக்கமாக எழுதும்படி மதினி சொல்லியிருக்கிறார். தங்கை நான் முயன்று பார்க்கிறேன். ஆனால் அண்ணனே அடக்கமான ஆள் இல்லையே!

அவர் பிறந்தது கேரளத்து ஏலப்பாறைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அம்மா காலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து பிற்பகலில் பெற்றாராம். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள். எங்கள் வீட்டில் 'ஊர்' என்றால் அந்த ஊர்தான். நாங்கள் பிறந்து வளர்ந்த மலைக்குப் பெயர் வெறும் 'எஸ்டேட்'. அண்ணனுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவே பிடிக்காது.

படிப்பு பாதியில் நின்றது. ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் வேலை. மீதி நேரமெல்லாம் ஆர்மோனியமும் தூரிகையும். கூரைக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட்தான் அவருக்குக் கிடைத்த வண்ணம்; அதில் நீலம் இராது. ஆகவே எங்கள் வேதக்கோயில் சுவரில் அவர் வரைந்த இயேசு பிறப்புப் படத்தில், மேய்ப்பர்களுக்கு மேலே இருக்கும் வானம் பச்சை. மேய்ப்பர்களோ, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய கொழுந்துக்காரப் பெண்கள்! சபைப் பெரியவர் ஒருவர், "பெத்லகேம்ல ஏது வே தேயில?" என்று கோபப்பட்டார்.

"நான் பெத்லகேமுக்குப் போனதில்ல அண்ணாச்சி. ஆனா இயேசு இங்க வந்திருக்காரு" என்றார் அண்ணன்.

ஆண்டவரே, என்ன வாய் அந்த மனிதருக்கு! படம் இன்றும் இருக்கிறது.

பாட்டிலும் அப்படித்தான். எங்கள் கல்லறைத் தோட்டம் செங்குத்தான மேட்டில் இருக்கிறது. பெட்டி சுமப்பவர்களுக்கு மூச்சு முட்டும். நீண்ட பாடல்கள் பாதி வழியில் அறுந்துபோகும். அதனால் ஏறும் கால்களுக்குத் தக்கபடி அண்ணன் ஒரு பாட்டுக் கட்டினார். 'மெல்ல நட, மூச்சு வாங்கு, மேலே நம்ம வீடு.' அவர் முன்னால் பாட, சுமப்பவர்கள் திருப்பிச் சொல்லிக்கொண்டே ஏறுவார்கள். இந்து வீட்டுச் சாவுக்கும் அவரைக் கூப்பிட்டார்கள், போனார்.

ஃபேக்டரி பூட்டியபின் பலரும் மலையிறங்கிவிட்டார்கள். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் எவ்வளவோ அழைத்தான். மழைக்கு ஒழுகும் லயத்தில் பாத்திரங்களைப் பரப்பி வைத்துவிட்டு, நடுவில் உட்கார்ந்து இந்த மலையையே வரைந்துகொண்டிருந்தார் அண்ணன். நுரையீரல் கெட்டுப் பாட முடியாமல் போன கடைசி மாதங்களில், மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "என்னையக் கீழ கொண்டு போயிராத. இங்கேயே வச்சிரு."

ஆனால் செய்தி கேட்டதும் சித்தப்பா ஊரிலிருந்து வேனோடு வந்து நின்றார். அங்கே அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் குழி வெட்டச் சொல்லிவிட்டே கிளம்பியிருக்கிறார். "அனாதப் பொணம் கணக்கா காட்டுக்குள்ள போடவா எங்க அண்ணன் பிள்ளைய வளத்தாரு?" என்று கத்தினார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஒருநாளும் எதிர்த்துப் பேசாத மதினிதான் வாய் திறந்தார்.

"அவுக என்ட்ட கேட்டுட்டுப் போயிருக்காக, சின்ன மாமா. நான் எப்படி மாட்டேம்னு சொல்ல?"

பெட்டி மேட்டை நோக்கிப் புறப்பட்டது. முன்னால் பாட ஆளில்லை. மதினியே பாடினார். தோட்டமே திருப்பிப் பாடியது. பாதி மேட்டில் ஒருவர் தடுமாற, முறைத்துக்கொண்டே பின்னால் வந்த சித்தப்பா ஓடிப்போய்த் தோள் கொடுத்தார். கொஞ்ச தூரத்தில் அவர் வாயும் பாட்டைத் திருப்பிச் சொல்வதைப் பார்த்தேன். எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

அண்ணனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய ஜீப்காரச் சேட்டனுக்கும், கஞ்சி கொண்டுவந்த பக்கத்து லயத்துப் பெண்களுக்கும், மழையில் குழி வெட்டிய தம்பிமாருக்கும், சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சித்தப்பாவுக்குத் தனியே ஒரு நன்றி. எங்கள் சிலுவைகளில் பெயருக்குக் கீழே சொந்த ஊர் எழுதுவது வழக்கம். இங்கேயே பிறந்து இங்கேயே மறைந்தவருக்கும் திருநெல்வேலிப் பக்கத்து ஊரைத்தான் எழுதுவோம். அத்தனையும் அண்ணன் எழுதியவை. அவருடைய சிலுவைக்கு எழுத ஆளில்லாமல் நாங்கள் திகைத்து நின்றபோது, சித்தப்பா தூரிகையை வாங்கினார். பெயரை எழுதினார். அதன் கீழே ஊரை எழுதப் போனவர் தூரிகையை நிறுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, இந்த எஸ்டேட்டுக்குப் பேரு என்ன? சரியாச் சொல்லு, எழுதணும்" என்றார்.