கரைசலில் பிறந்த வில்லை

இது கற்பனையன்று. நேரங்கள் யாவும் என் உலைப் பதிவேட்டில் மையால் எழுதப்பட்டுள்ளன. ஐயமுள்ளவர் வந்து பார்க்கலாம்.

நாற்பத்தாறு வயதில் ஆய்வு மாணவனானவன் நான். மகளும் நானும் ஒரே ஆண்டில் பட்டம் பெறுவோம் என்று வீட்டில் பெருமை பேசியிருந்தேன். இரண்டு உலோக ஆக்சைடுகளை ஒரே பீங்கானாக்க வேண்டும். பொடிகளைக் கல்வத்தில் அரைத்துச் சுட்டால் அவை முழுதாகக் கலவா. பெரிய படிக மணிகளும் இடையே வெற்றிடங்களுமாக நிற்கும். கரைசலாக்கி, கூழாக்கிச் சுட்டால் அணுவோடு அணு கலந்து மணிகள் நுண்மையாகும். நான் கரைசல் முறையையே கையாண்டேன். திங்கட்கிழமை குறையற்ற பீங்கான் வில்லையை ஆய்வுக் குழுவிடம் காட்டாவிட்டால் என் பதிவு ரத்து. அதுவே கடைசித் தவணை.

ஞாயிறு, பிற்பகல் 2.10. உலைக்குள் என் வில்லை, வெப்பம் 900 டிகிரி. நான் மட்டுமே இருந்தேன். பூட்டிக் கிடந்த பக்கத்து அறையில் ஓர் ஓசை.

கரக்... கரக்... கரக்...

கல்வத்தில் அரைக்கும் ஓசை. 2.30க்கு நின்றது. கரண்டியால் வழிக்கும் ஓசை. 2.33க்கு மீண்டும் கரக்... கரக்... இருபது நிமிடம் அரைத்து மூன்று நிமிடம் வழிப்பது கல்வ முறையின் விதி.

உலைப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். நெருப்பின் நிறம் பார்த்தே வெப்பம் சொல்வதால் அவர் 'டிகிரி அண்ணன்'.

"அண்ணே, பக்கத்து ரூம்ல யாரு அரைக்கிறது?"

"இன்னைக்கு லீவு சார். உங்கள விட்டா பேய் கூட அங்க வராது."

3.16க்கு ஓசை நின்றது.

என் உலையின் தாழ் அசைந்தது. டிக்.

வெப்பம் 860க்கு இறங்கியது... யாரோ கதவைத் திறந்தாற்போல.

கதவு மூடியே இருந்தது.

மறுநாள் காலை, நுண்ணோக்கி இயக்கும் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சார், கையால அரைச்சுட்டு கரைசல்னு எழுதியிருக்கீங்க? எல்லாம் பெரிய பெரிய மணி. கல்வம் தேஞ்ச சிலிக்கா வேற. வில்லை பொய் சொல்லுமா?"

குழுவிடம் என் சொல் எடுபடவில்லை. பதிவு ரத்தானது.

மாலையில் டிகிரி அண்ணனிடம் அனைத்தையும் சொன்னேன்.

"இங்க கல்வமே கிடையாதே சார். நாலு வருஷம் முன்னாடி அந்த ரூம்ல ஒரு பொண்ணு அரைச்சுட்டு இருக்கும்போதே சுருண்டு விழுந்துச்சு. எழுந்திரிக்கவே இல்ல. கல்வமும் ரெண்டா உடைஞ்சிடுச்சு. அப்புறம்தான் எல்லாரையும் கரைசலுக்கு மாத்துனாங்க."

"அவங்க அரைச்ச பொடி?"

"சுடவே இல்ல. குப்பியில போட்டு நான்தான் சீல் வெச்சேன்."

அறையைத் திறந்தார். அலமாரியில் தூசி படிந்த குப்பி. அதன் சீட்டில் என் கலவையின் பெயரேதான். மேலே அவள் கையெழுத்து: 'சுட வேண்டியது'.

மெழுகு முத்திரை உடையவில்லை.

குப்பி காலியாக இருந்தது.