முத்திரை குத்திய பிறகு

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மஸ்கட்டில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பிய அன்று, சென்னை விமான நிலையத்தில் நடந்தது இது. வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் குப்பை கொட்டிவிட்டு, சின்ன காஞ்சிபுரத்தில் ஓய்வாக இருப்பவன் நான். எந்த விண்ணப்பத்தோடு எதை இணைக்க வேண்டும் என்று யாரும் கேட்காமலே சொல்வேன். தெருவில் என்னைக் கண்டதும் சிலர் சைக்கிளைத் திருப்பிக்கொள்வது அதனால்தான்.

அன்று வரிசையில் மாட்டியவர் எங்கள் ஊர்ப் பக்கத்து முசரவாக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். விடுமுறை முடிந்து மஸ்கட்டில் கட்டட வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கும்வரை அவருக்கு வகுப்பெடுத்தேன். சோதனை முடிந்து, விமானத்துக்கு அழைப்பார்கள் என்று உட்கார்ந்திருந்தபோது அவருக்கு ஊரிலிருந்து போனில் சாவுச் செய்தி வந்தது.

“சார், அம்மா பூட்டுச்சாம். நான் ஒரே ஆம்பளப் புள்ள. இப்டியே வெளிய போவ முடியுமா சார்?”

“முத்திரை குத்தியாச்சுப்பா. சட்டப்படி நீ நாட்டை விட்டுப் போயாச்சு. இனிமே விட மாட்டாங்க.”

பத்தடி தள்ளி விமான நிறுவனத்துப் பெண் சும்மா நின்றிருந்தாள். அவளைக் கேட்டுப் பார்க்கட்டுமா என்றார். கேட்டால் விசாரணை என்று உட்கார வைப்பார்கள், இருக்கிற வேலையும் போகும் என்றேன். அப்படி ஒரு விதியே கிடையாது. அந்த நிமிடத்தில் நான் இயற்றியது. அவர் தலையாட்டிவிட்டு, அழைப்பு வந்ததும் எனக்கு முன்னால் போய் ஏறினார்.

அடுத்தடுத்த இருக்கை. விமானம் மேலே போன பிறகு அவர் அழுவதைப் பார்த்த தமிழ்ப் பணிப்பெண் விவரம் கேட்டாள். கேட்டதும் அவள் முகம் மாறியது.

“கதவு மூடறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா எறக்கி விட்டிருப்போமேண்ணா. பயணம் வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. பெட்டிய எறக்கி, முத்திரைய ரத்து பண்ணி, வெளிய கொண்டுபோய் விட்டிருப்பாங்க. முடியாதுன்னு யார் சொன்னா?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“யாரும் சொல்லலம்மா. நானா நெனச்சிக்கினேன்,” என்றார் அவர்.

இறங்கும்போது அவர் எண்ணை வாங்கிக்கொண்டு, மறுநாள் மகள் வீட்டிலிருந்து போன் செய்தேன். அடக்கம் முடிந்துவிட்டதாம். போனில் பார்த்தாராம். அவர் செய்ய வேண்டியதைத் தங்கை வீட்டுக்காரர் செய்தாராம். என்மேல் கோபம் உண்டென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சாப்பிட்டீர்களா சார் என்று கேட்டார்.

இன்றைக்கும் யாராவது விதி கேட்டால் பதில் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. “எனக்குத் தெரியாது, அங்கே கேளுங்கள்” என்று சொல்ல, ஒரு மகனைத் தாயின் உடலிடம் போகவிடாமல் தடுத்த பிறகுதான் நான் கற்றுக்கொண்டேன்.