அத்தை தொடாத கயிறு

ஐயா, அம்மா, இதனை வாசிக்கும் தங்களுக்கு என் வணக்கம். நார்த்தாமலைக்கு அருகே, புதர்க்காட்டில் வலை கட்டி முயல் பிடித்து வாழ்ந்த ஆதிக்குடியில் பிறந்தவன் யான். கைரேகைச் சட்டம் எங்கள் குடி முழுவதையும் பிறவித் திருடர் என்று பதிந்து வைத்திருந்தது. முப்பதுகளில் ஒரு விடியற்காலை, எவருடையதோ ஒரு பசு என் அத்தை வீட்டு வேலியில் கட்டப்பட்டு நின்றது. கட்டியவர் எவரென்று இன்றளவும் அறியோம். அதனையே சான்றாக்கி மாமாவைக் காவல் சாவடிக்கு இழுத்துச் சென்று அடித்தார்கள். பிணமாகத் திருப்பித் தந்தார்கள். பசுத் திருடன் பிடிபட்டான் என்று ஊருக்குள் தமுக்கும் அடித்தார்கள்.

நாற்பதுகளின் இறுதியில் அச்சட்டம் நீக்கப்பட்டது. நியாயம் வேண்டி அத்தை மனு மேல் மனு கொடுத்தார். ஒரு நாள் நண்பகலில் அதிகாரி ஒருவர் வந்தார். பின்னால் சேவகன் ஒரு பசுவைப் பிடித்து வந்தான்.

“இந்தாம்மா, சர்க்கார் ஒனக்குக் குடுக்குது. கயித்தப் புடி.”

எவரும் நெருங்கவில்லை. பெண்கள் பிள்ளைகளைக் குடிசைக்குள் இழுத்துக்கொண்டார்கள். பசுவின் தொடையில் சூட்டுக்குறி உண்டா என்று யான் சுற்றி வந்து பார்த்தேன். இல்லை. அதுவே என் அச்சத்தை மிகுவித்தது. குறியில்லாத மாட்டை நாளை எவரும் தமதென்று சொல்லலாம் அன்றோ?

“பொழுது சாய மாடு நம்ம வேலியில நிக்கும், பொழுது விடிய நாம சாவடியில நிப்போம்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எங்களவர் சிரித்தார்கள். அதிகாரியின் முகம் சிவந்தது.

“குடுக்குறதுக்கும் சந்தேகமாய்யா ஒங்களுக்கு?”

அத்தை கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். “மாடு வேணாங்க. அன்னைக்கு அடிச்ச தமுக்க, அதே தெருவுல அடிச்சு, எம் புருசன் திருடலைன்னு சொல்லச் சொல்லுங்க. அப்பறம் கயித்தப் புடிக்கிறேன்.”

“அதுக்கு உத்தரவு இல்லம்மா. மாட்டுக்குத்தான் உத்தரவு.”

அலுத்துப்போன சேவகன் பசுவை வேலியில் கட்டக் குனிந்தான். மாமாவைக் கொன்ற அதே வேலி.

“கட்டாதய்யா!” என்று அத்தை அலறினார். குடி முழுவதும் எழுந்து நின்றது. அதிகாரி வேறு வழியின்றித் திரும்பினார். யாங்களும் விடவில்லை, பசு போய்ச் சேர்ந்ததைப் பத்துப் பேர் பார்த்தாக வேண்டுமென்று, கயிற்றைத் தொடாமல் அதன் பின்னாலேயே அதிகாரியின் தாலுகா கச்சேரி வாசல் வரை நடந்தோம்.

“மாடு யாருதுடா?” என்று கடைத்தெருவில் ஒருவர் கேட்டார்.

“சர்க்காரு மாடுங்க. ஒப்படைக்கப் போறோம். நல்லாப் பாத்துக்கங்க” என்றார் அத்தை.

அவர் கண்மூடும்வரை அந்தத் தமுக்கு ஒலிக்கவில்லை. மாமா திருடவில்லை. இதனைத் தயவுசெய்து பாதுகாத்து வையுங்கள்.